வண்டி கிலுகிலுங்குது, இழுக்கல, திணறுது: 95, 97, 100 பெட்ரோல் தேடுறதுக்கு முன்னாடி அறிகுறி வாரியா பாக்க வேண்டியது

வண்டில எந்தப் பிரச்சனை வந்தாலும் இப்பல்லாம் யாராவது ஒருத்தர் ‘பிரீமியம் பெட்ரோல் போட்டுப் பாரு’ன்னு சொல்லிடுறாங்க. மைலேஜ் குறைஞ்சாலும் அதான், காலைல ஸ்டார்ட் ஆகலைன்னாலும் அதான், ஏசி போட்டா இழுக்கலைன்னாலும் அதான். சில பிரச்சனைக்கு அது நெஜமாவே சரியான பதில், பல பிரச்சனைக்கு சம்பந்தமே இல்ல. அதனால நம்ம தமிழ்நாட்டு ரோடு, நம்ம வெயில், நம்ம ஊரு பங்க்ல என்ன கிடைக்குதுங்கறத வச்சு ஒவ்வொரு அறிகுறியா எழுதுறேன். உங்க வண்டிக்கு எது பொருந்துதோ அந்தப் பகுதிய மட்டும் படிச்சாலும் போதும், ஆனா இந்த முதல் பகுதிய மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

எதுவும் செய்றதுக்கு முன்னாடி: மூடி, நாசில்

முதல்ல பெட்ரோல் மூடியத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரப் பாருங்க, இல்லன்னா ஓனர்ஸ் மேனுவல்ல ஃபியூயல்னு இருக்கிற பக்கத்தப் பாருங்க. குறைஞ்சது எத்தனை ஆக்டேன் (பெட்ரோல் தானா வெடிக்காம தாக்குப்பிடிக்கிற அளவு), 91-ஆ, 95-ஆ, இ10-ஆ இ20-ஆன்னு (10 இல்ல 20 சதவீதம் எத்தனால், அதாவது எரிசாராயம் கலந்த பெட்ரோல்) அங்க இருக்கும். நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான வண்டிக்கு 91 போதும்னுதான் போட்டிருக்கும். வெளிநாட்டு வண்டி வச்சிருக்கவங்க மட்டும் ஒண்ணு கவனிக்கணும், அமெரிக்காக்காரங்க ஆக்டேன் எண்ணிக்கைய வேற முறைல கணக்குப் போடுவாங்க, ரான் (RON), மான் (MON)னு ரெண்டு சோதனை அளவோட சராசரி அது. நம்ம பங்க்ல போட்டிருக்கிறது வெறும் ரான். அதனால அங்க 87-ன்னா நம்ம கணக்குல சுமார் 91, அங்க 91-ன்னா இங்க சுமார் 95. ஹார்லி மாதிரி வண்டியோட மேனுவல்ல 91-ன்னு பாத்துட்டு ‘அப்ப சாதாவே போதும்’னு நெனச்சு வருஷக்கணக்கா ஓட்டுறவங்க இருக்காங்க, அது தப்பான கணக்கு.

அடுத்து பங்க்ல நாசில். ‘சார், ஸ்பீடு போட்டுடவா?’ன்னு தம்பி கேட்டுக்கிட்டே பிரீமியம் நாசில எடுத்துடுவார், நாமளும் தலைய ஆட்டிடுவோம். பேரப் பாக்காதீங்க, பேருக்குப் பக்கத்துல நம்பர் இருக்கான்னு பாருங்க. வெறும் ‘ஸ்பீடு’, ‘எக்ஸ்ட்ரா பிரீமியம்’னு வித்த காலத்துல அதெல்லாம் அதே 91 பெட்ரோல்ல இன்ஜின் சுத்தம் பண்ற மருந்து கலந்ததுதான், ஆக்டேன் கூடல. எக்ஸ்பி 95, பவர் 95, ஸ்பீடு 97, பவர் 99, எக்ஸ்பி 100-ன்னு பேரோட எண் சேர்ந்து வந்தாதான் அது ஆக்டேன் கணக்கு. நம்பர் இல்லன்னா ‘இது எத்தனை ஆக்டேன் தம்பி?’ன்னு கேளுங்க, அவருக்குத் தெரியலைன்னா மேனேஜரக் கேளுங்க.

இப்ப சாதா பெட்ரோல் விஷயம். பாரத் ஸ்டேஜ் 2-ங்கற (சுருக்கமா பிஎஸ்2) புகை மாசு விதி இருந்த காலத்துல நம்ம நாட்டு பெட்ரோல் 88, அப்புறம் 91 ஆச்சு, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்பவும் சாதா 91-தான். இ20-க்கான இந்தியத் தரத்துல குறைஞ்சபட்சம் 95-ன்னு இருக்கு. எத்தனாலோட ஆக்டேன் 108-க்கு மேல, அதுல அஞ்சுல ஒரு பங்க கலந்ததும் எண் ஏறிடுது, 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலியம் அமைச்சகமே விளக்கம் குடுத்தப்ப இந்த 95 கணக்கத்தான் சொன்னாங்க. அதாவது நீங்க இன்னைக்கு இ20 சாதா போட்டாலே காகிதப்படி 95 கிடைக்கணும். ஆனா எத்தனை பங்க்ல சாதா நாசில் மேல இந்த 95-ங்கற எண்ணப் பாத்திருக்கீங்க? காசு அதிகமான பெட்ரோலுக்கு மட்டும் நம்பர் பெருசா எழுதி, ஊரே போடுற பெட்ரோலுக்கு எழுதாம விடுறது சரியில்ல. ரெண்டு நாசில்லயும் ஒரே எழுத்தளவுல ஆக்டேனும் எத்தனால் சதவீதமும் ஒட்டியிருந்தா ஜனங்க குழம்பவே மாட்டாங்க. எழுதாத வரைக்கும் சாதாவ இங்க பழைய 91-ன்னே வச்சுப் பேசுறேன்.

அறிகுறி: ஏத்தத்துல ‘கிலுகிலு’ சத்தம்

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு, பர்லியாறு பக்கம் ஏறும்போது, கார்ல அஞ்சு பேர், ஏசி ஓடுது, மூணாவது கியர்ல ஆக்சிலேட்டர அமுக்கினதும் முன்னாடியிருந்து தகர டப்பால சில்லறையப் போட்டுக் குலுக்குன மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்தா சத்தம் நிக்குது, மறுபடி அமுக்கினா வருது. இதுதான் நாக்கிங். ஸ்பார்க் அடிச்சு தீ பரவிக்கிட்டு இருக்கும்போதே, ஓரத்துல இன்னும் எரியாம இருக்கிற கலவை அழுத்தத்துலயும் சூட்டுலயும் தானா வெடிக்குது, அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவத்துல மோதுறதுதான் உங்களுக்கு கேக்குற சத்தம். ஆக்டேன்ங்கறது பெட்ரோல் அப்படி தானா வெடிக்காம எவ்வளவு தாக்குப்பிடிக்கும்ங்கற அளவு, அவ்வளவுதான்.

முதல்ல அது நாக்கிங்தானான்னு உறுதி பண்ணுங்க. டேப்பட் (வால்வ இயக்குற பாகம்) சத்தம்னா நியூட்ரல்ல நின்னாலும் வரும், காலைல குளிர் இன்ஜின்ல கூட இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏற ஒரே தாளத்துல வேகமாகும். நாக்கிங் லோடு இருந்தாதான் வரும், சும்மா நிறுத்தி வச்சு ரேஸ் பண்ணா பெரும்பாலும் வராது. சைலன்சர்கிட்ட இருக்கிற ஹீட் ஷீல்டு தகடு லூசா இருந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி கேக்கும், அது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் வந்துட்டுப் போகும், வண்டி ஆறினதும் கையால தட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்.

நாக்கிங்தான்னு தெரிஞ்சா உடனே பண்ண வேண்டியது ஒரு கியர் குறைக்கிறது. நாலாவதுல திணறிக்கிட்டு ஏறாதீங்க, மூணு, ரெண்டுன்னு இறக்கி ஆர்பிஎம்ம ஏத்தி விடுங்க, ஆக்சிலேட்டர தரையோட அமுக்காதீங்க. பாதிப் பேருக்கு பிரச்சனை இங்கயே முடிஞ்சிடும், ஏன்னா மைலேஜ் ஆசைல பெரிய கியர்லயே ஏத்தம் ஏறுற பழக்கம் நம்மகிட்ட ரொம்ப இருக்கு. கியர் குறைச்சும் வருதுன்னா டேஷ்போர்டுல இன்ஜின் சூடு காட்டுற முள்ளப் பாருங்க, கூலன்ட் குறைஞ்சிருக்கா, ரேடியேட்டர் ஃபேன் ஓடுதா. இன்ஜின் சூடானா 100 ஆக்டேன் போட்டாலும் நாக் அடிக்கலாம். சித்திரை வெயில்ல உள்ள போற காத்தே கொதிக்குது, அதனால மார்கழில ஏறுன அதே வண்டி அதே ஏத்தத்துல மே மாசம் சத்தம் போடுறது ஆச்சரியம் இல்ல. இன்னொண்ணு, மேல ஏற ஏற காத்து லேசாகுறதால டர்போ இல்லாத வண்டிக்கு ஆக்டேன் தேவை குறையும், அடிவாரத்துல சத்தம் போட்டது ஊட்டி போனதும் அமைதியா ஓடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் சரியா இருந்தும் வருதுன்னா மெக்கானிக்கிட்ட பிளக்க கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. கம்பெனி சொன்ன ஹீட் ரேஞ்ச் பிளக்தானா, முனை வெள்ளையா வெளுத்துப் போயிருக்கா? வெளுத்திருந்தா கலவை லீனா (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) ஓடுது, இல்ல பிளக் அதிகமா சூடாகுது. நெறைய ஓடுன வண்டில பிஸ்டன் தலைலயும் ஹெட்லயும் கார்பன் படிஞ்சிருக்கும், அது எடத்த அடைச்சுக்கிட்டு கம்ப்ரஷன கூட்டும், சூட்டையும் புடிச்சு வச்சுக்கும். புதுசுல 91-ல சத்தம் போடாம ஓடுன வண்டி லட்சம் கிலோமீட்டர் தாண்டி சத்தம் போடுறதுக்கு இது ஒரு வழக்கமான காரணம். கார்பன் சுத்தம் பண்ணாம வாழ்நாள் முழுக்க 97 போட்டு ஓட்டுறது நோய விட்டுட்டு வலிக்கு மட்டும் மாத்திரை போடுற வேல.

இவ்வளவும் பாத்த பிறகுதான் பெட்ரோல் மாத்திப் பாக்கணும். டேங்க் கிட்டத்தட்ட காலியானதும் 95 அல்லது அதுக்கு மேல ஃபுல் பண்ணி அதே ஏத்தத்துல அதே லோடுல ஓட்டிப் பாருங்க. சத்தம் போச்சுன்னா உங்க வண்டிக்கு அந்த ஆக்டேன் இப்ப தேவைப்படுது. போகலைன்னா திரும்ப இன்ஜின் பக்கமே தேடுங்க. நாக் சத்தத்தோட மாசக்கணக்கா ஓட்டாதீங்க, ரிங் உக்கார்ற எடம் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும், அந்தச் செலவு பிரீமியம் பெட்ரோல் செலவவிட பல மடங்கு.

அறிகுறி: சத்தம் இல்ல, ஆனா இழுவை குறைஞ்சிருக்கு

இப்ப வர்ற வண்டிகள்ல நாக் சென்சார் இருக்கும். உங்க காதுக்கு கேக்குறதுக்கு முன்னாடியே அது கண்டுபுடிச்சு இக்னிஷன் டைமிங்க (ஸ்பார்க் அடிக்கிற நேரத்த) பின்னுக்குத் தள்ளிடும். சத்தம் வராது, பவரும் மைலேஜும் கொஞ்சம் குறையும். டர்போ பெட்ரோல் கார்ல இது நல்லாவே தெரியும், மேனுவல்ல ‘95 நல்லது, 91 போடலாம், பவர் சற்று குறையலாம்’ங்கற மாதிரி எழுதியிருந்தா உங்க வண்டி 95-க்கு பலன் காட்டுற ரகம். அப்படி எதுவும் எழுதல, வெறும் 91-ன்னுதான் இருக்குன்னா 100 போட்டாலும் கம்ப்யூட்டர் அதுக்கு மேல டைமிங்க முன்னுக்கு கொண்டு போகாது.

கம்ப்ரஷன் அளவ (சிலிண்டருக்குள்ள கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுதுங்கறத) மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. பழைய 350 சிசி யுசிஇ புல்லட் 8.5-க்கு 1, இப்ப வர்ற ஜே சீரிஸ் இன்ஜின் 9.5-க்கு 1, இதுக்கெல்லாம் 97-க்கு அவசியமே இல்ல. ஆனா மாருதியோட 1.2 டூயல்ஜெட் 12-க்கு 1 இருந்தும் சாதா பெட்ரோல்லதான் ஊரெல்லாம் ஓடுது, எரியுற அறை வடிவம், கூலிங், டைமிங் கன்ட்ரோல் எல்லாம் அதுக்கேத்த மாதிரி செஞ்சிருக்காங்க. கம்பெனி எழுதுன எண்தான் கணக்கு.

95-க்கு மாறினதும் அடுத்த சிக்னல்லயே வித்தியாசம் எதிர்பாக்காதீங்க. டேங்க்ல பழசு மிச்சம் இருக்கும், கம்ப்யூட்டரும் மெதுவாதான் பழகும், ஒரு டேங்க் ஓடட்டும். அதுக்குள்ள ஏர் ஃபில்டர், டயர் காத்து, பிரேக் புடிச்சுக்கிட்டு ஓடுதான்னு பாத்துடுங்க. இழுவை இல்லைன்னு சொல்லி பிரீமியத்துக்கு மாறுன கார்ல ஏர் ஃபில்டரத் திறந்தா உள்ள செம்மண்ணும் காஞ்ச இலையும் அப்பிக் கிடக்கும், அதத் தட்டிட்டு புதுசு போட்டாலே வண்டி பழையபடி இழுக்கும்.

டர்போ கார்ல கம்மி ஆர்பிஎம்ல, பெரிய கியர்ல ஆக்சிலேட்டர திடீர்னு அமுக்கினா கிலுகிலுன்னு இல்லாம ஒரே ஒரு பலத்த ‘டம்’ கேட்டுச்சுன்னா அது வேற விஷயம். ஸ்பார்க்குக்கு முன்னாடியே பத்திக்கிறது அது. ஆக்டேன் கூட்டுறதால மட்டும் அது தீராது, கியர் குறைச்சு ஓட்டணும், இன்ஜின் ஆயில் ஏபிஐ எஸ்பி தரமான்னு பாக்கணும். ஒரு தடவ கேட்டாலும் சர்வீஸ்ல சொல்லிடுங்க.

அறிகுறி: பெட்ரோல் போட்ட அன்னைக்கே ஆரம்பிச்சது

நேத்து வரைக்கும் நல்லா ஓடுன வண்டி, ஒரு பங்க்ல டேங்க் நெறச்சு கொஞ்ச தூரம் போனதும் மிஸ்ஸிங், ஜெர்க், நாக்கிங். இங்க சந்தேகம் பெட்ரோல் மேலதான். மண்ணெண்ணெயோ சால்வென்ட்டோ கலந்திருந்தா ஆக்டேன் சர்ருன்னு எறங்கும், தண்ணி கலந்திருந்தா வண்டி ஓடி ஓடி நிக்கும்.

வண்டிய ஓட்டிக்கிட்டே இருக்காதீங்க. கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பெட்ரோல் எடுத்து, நெருப்பு, சிகரெட் எதுவும் இல்லாத காத்தோட்டமான எடத்துல அசையாம வைங்க. அடில தனியா ஒரு அடுக்கு தெரிஞ்சா தண்ணி. எத்தனால் தண்ணிய இழுத்துக்கிற பொருள், இ20 ஓரளவு தண்ணிய கரைச்சு வச்சுக்கும், அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு அடில உக்காந்துடும். அப்ப மேல மிஞ்சுற பெட்ரோல்ல எத்தனால் இல்லாததால ஆக்டேனும் குறைஞ்சிருக்கும், ஒரே நேரத்துல ரெண்டு பிரச்சனை. ஐப்பசி, கார்த்திகை மழைல தண்ணி தேங்குன பங்க்ல போட்டிருந்தா இத முதல்ல சந்தேகப்படுங்க. பைக்க ஓட்டாம மாசக்கணக்கா நிறுத்தி வச்சிருந்தாலும் இதே கதைதான், டேங்க்க அரைகுறையா விடாம நெறச்சு வச்சா ஈரக்காத்து உள்ள வர்ற எடம் குறையும்.

பங்க்ல உங்களுக்கு உரிமை இருக்கு, தயங்காம கேளுங்க. ஃபில்டர் பேப்பர் இலவசமா குடுக்கணும், நாசில் முனைய சுத்தமா துடைச்சுட்டு ஒரு சொட்டு விட்டா ரெண்டு நிமிஷத்துல கறை இல்லாம ஆவியாகிடணும், எண்ணெய்க் கறை நின்னா கலப்படச் சந்தேகம். அடர்த்தி பாக்கச் சொல்லுங்க, ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் வச்சு அளந்து 15 டிகிரிக்கு மாத்திப் பாத்தா, அன்னைக்கு அவங்க பதிவு பண்ணதுக்கும் இதுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. அளவு சந்தேகம்னா 5 லிட்டர் குடுவைல புடிச்சுக் காட்டணும். பில்ல வாங்கி வச்சுக்கங்க, பில் இல்லாம புகார் நிக்காது. ‘எல்லாரும்தான் போடுறாங்க, உங்க வண்டிக்கு மட்டும் என்ன’ன்னு கேட்டாலும் சத்தம் போடாம புகார் புத்தகத்தக் கேட்டு எழுதுங்க. அப்புறம் எண்ணெய் நிறுவனத்தோட ஆப்லயும் பதிவு பண்ணுங்க. நீங்க எழுதுறதால அடுத்து வர்ற ஆட்டோக்கார அண்ணனுக்கும் ஸ்கூட்டில வர்ற அக்காவுக்கும் வண்டி தப்பிக்கும்.

கெட்ட பெட்ரோல்ல 100 ஆக்டேன ஊத்தி சரிக்கட்டப் பாக்காதீங்க. தண்ணியும் மண்ணெண்ணெயும் டேங்க்லயேதான் கிடக்கும். முழுசா வடிச்சுட்டு, ஃபியூயல் ஃபில்டர மாத்திட்டு புதுசு போடுறதுதான் வழி.

அறிகுறி: பழைய வண்டி, காலைல ஸ்டார்ட் ஆகல, ஐட்லிங் நிக்கல

கார்புரேட்டர் வண்டி வச்சிருக்கவங்கதான் இப்ப அதிகமா பிரீமியம் பக்கம் ஓடுறாங்க, இ20 வந்த பிறகு. அவங்க கவலைல நியாயம் இருக்கு, ஆனா அது ஆக்டேன் பிரச்சனை இல்ல. எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கிறதால கலவை லீனாகும், கம்ப்யூட்டர் பெட்ரோல் அளக்கிற ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி அத சரி பண்ணிக்கும், கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. பழைய ரப்பர் ட்யூபும் ஓ-ரிங்கும் ஊதும், வெடிப்பு விடும். ஃப்ளோட் பவுல (கார்புரேட்டருக்கு அடில பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) கழட்டினா பச்சையும் வெள்ளையுமா பொடி படிஞ்சிருக்கும், டேங்க் துரு பெயர்ந்து ஜெட்ட (பெட்ரோல் போற சின்னத் துளை) அடைக்கும்.

பவுல வடிச்சு சுத்தம் பண்ணுங்க, பெட்ரோல் ட்யூப எத்தனால் தாங்குற ரகத்துக்கு மாத்துங்க, ஏர் ஸ்க்ரூ டியூன் பண்ணச் சொல்லுங்க, அப்பவும் திணறுனா அனுபவமுள்ள மெக்கானிக் ஜெட்ட ஒரு சைஸ் கூட்டிப் பாப்பார். இதுக்கு 95 வாங்கி ஊத்துறதுல பிரயோஜனம் இல்ல, பேர்ல 95 இருந்தா எத்தனால் இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

எத்தனால் எவ்வளவுன்னு நீங்களே பாக்கலாம். 100 மில்லி அளவு குடுவைல 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணி விட்டு, மூடிக் குலுக்கி, கொஞ்ச நேரம் வைங்க. எத்தனால் தண்ணியோட சேர்ந்து கீழ எறங்கும். அடி அடுக்கு 10 மில்லியாவே நின்னா எத்தனால் இல்ல, 28 மில்லி பக்கம் வந்தா கிட்டத்தட்ட 20 சதவீதம். குடுவை கெமிக்கல் கடைல கிடைக்கும். சோதிச்ச பெட்ரோல மறுபடி டேங்க்ல ஊத்தாதீங்க.

பாச்சை உருண்டைய டேங்க்ல போட்டா பிக்கப் வரும்னு ஒரு பழக்கம் இன்னும் சில ஊர்ல இருக்கு. தயவுசெஞ்சு வேணாம். நாப்தலீன் குளிர்ல திரும்ப கட்டியாகி ஜெட்டையும் ஃபில்டரையும் அடைக்கும். கடைல விக்கிற ஆக்டேன் பூஸ்டர்லயும் ஃபெரோசீன்ங்கற இரும்புச் சேர்மம் இருந்தா பிளக் முனைல செங்கல் நெறத்துல படிவு புடிக்கும், மிஸ்ஸிங் அதனாலயே ஆரம்பிக்கும்.

இதே பழைய வண்டில சாவிய ஆஃப் பண்ணியும் இன்ஜின் ரெண்டு மூணு சுத்து குமுறிக்கிட்டு நிக்குதுன்னா ஐட்லிங் அதிகமா இருக்கு, இல்ல உள்ள கார்பன் தணலா நிக்குது. ஐட்லிங்க குறைங்க, கார்பன் எடுங்க.

அறிகுறி: 100 போட்டும் ஒண்ணும் மாறல

வண்டில குறை இல்ல, எதிர்பார்ப்புதான் வேற. ஆக்டேன் கூடுனா பெட்ரோலுக்குள்ள சக்தி கூடுதுன்னு அர்த்தம் இல்ல. எத்தனாலே சாட்சி, ஆக்டேன் 108, ஆனா லிட்டருக்கு லிட்டர் பாத்தா பெட்ரோல்ல இருக்கிற சக்தில மூணுல ரெண்டு பங்குதான். அதனாலதான் இ20-ல ஆக்டேன் ஏறியும் மைலேஜ் எறங்குது. நிதி ஆயோக் 2021-ல வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கைலயே, இ10-க்குன்னு செஞ்சு இ20-க்கு டியூன் பண்ண காருக்கு 1 முதல் 2 சதவீதம், பழைய வடிவமைப்பு காருக்கு 6 முதல் 7 சதவீதம், பைக்குக்கு 3 முதல் 4 சதவீதம் குறையும்னு போட்டிருந்தாங்க. உங்க வண்டி மைலேஜ் அந்த அளவுக்குள்ள குறைஞ்சிருந்தா அது பெட்ரோலோட கணக்கு, ரிப்பேர் தேடி அலைய வேண்டாம். 15, 20 சதவீதம் குறைஞ்சிருந்தா வண்டில வேற ஏதோ இருக்கு.

ஹீரோ ஸ்ப்ளெண்டர், ஆக்டிவா மாதிரி வண்டிக்கு 100 போடுறத பாக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. மாசச் சம்பளத்துல கணக்குப் பாத்து பெட்ரோல் போடுறவர்கிட்ட ‘இன்ஜினுக்கு நல்லது சார்’னு ஒரு வார்த்தைல கூடுதல் காசு வாங்குறது நியாயம் இல்ல. 2020 டிசம்பர்ல எக்ஸ்பி 100 டெல்லில வந்தப்பவே லிட்டர் 160 ரூபா. சென்னைல சாதா 2025-ல 101 ரூபா சுத்துல இருந்துச்சு. அந்த வித்தியாசத்த சேத்து வச்சா ஆயில் சர்வீஸ் முடிச்சிடலாம்.

அறிகுறி: 95 தேவைதான், ஆனா எங்கயும் கிடைக்கல

எக்ஸ்பி 100 முதல் கட்டத்துல வந்த 10 ஊர்ல சென்னை கிடையாது, அடுத்த பட்டியல்லதான் சேத்தாங்க. இன்னைக்கும் 97, 99, 100 எல்லாம் பெரிய நகரத்துல, அதுவும் எல்லா பங்க்லயும் இல்ல. 95 கொஞ்சம் பரவலா கிடைக்குது, ஆனா உள்ளூர் ரோட்டுப் பக்கம் ‘ஸ்டாக் இல்ல சார்’தான் பதில். நிறுவனங்களோட ஆப்ல பங்க் தேடுற வசதி இருக்கு, அதுல பிரீமியம் காட்டினாலும் கிளம்புறதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு கேட்டுக்கங்க. மலை ஏறுறதா இருந்தா கீழயே நெறச்சுடுங்க, ஊட்டிக்கு கோயம்புத்தூர்லயே, கொல்லிமலைக்கு நாமக்கல்லயே. வியாபாரமே ஆகாத பங்க்ல தூசி படிஞ்ச பிரீமியம் நாசில் இருந்தா, அந்த டேங்க்ல பெட்ரோல் எத்தனை நாளா கிடக்குன்னு யோசிங்க, கூட்டம் வர்ற பங்க்ல போடுற புது சாதாவே அதவிட மேல்.

100 கிடைக்கிற எடத்துல கொஞ்சம் வாங்கி கலந்துக்கலாம். 35 லிட்டர் டேங்க்ல 25 லிட்டர் 91, 10 லிட்டர் 100 இருந்தா தோராயமா 93.5 வரும், பெரும்பாலான ஏத்தத்துக்கு அது தாங்கும். எதுவுமே கிடைக்கலைன்னா இருக்கிற சாதாவப் போட்டு, ஏசிய அணைச்சு, ரெண்டாவது கியர்ல நிதானமா ஏறுங்க, கிலுகிலுன்னா காலைத் தளர்த்துங்க, இன்ஜின் சூடு ஏறுனா கொண்டை ஊசி வளைவு தாண்டி அகலமான எடத்துல ஒதுக்கி நிறுத்தி பானட்டத் திறந்து வைங்க, ரேடியேட்டர் மூடிய மட்டும் ஆறுற வரைக்கும் தொடாதீங்க.